முன்சில்லைக் கழற்றும் கை: சில்லு இறுகாத் தடுப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரினதும் விற்றுப் பொருளீட்டியோரினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றைக் கழற்றியும் பூட்டியும் பழுதுபார்த்தும் நாள்தோறும் ஓடச்செய்த கைகளின் வரலாறு ஏட்டில் ஏறியது அரிது. கொழும்பு மாநகரில், வெள்ளவத்தைக் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குறுக்குத் தெருக்களிலும் உள்ள சிறிய திருத்தகங்களில், மோட்டார் சைக்கிளொன்றின் முன்சில்லு கழற்றப்படுவது அன்றாடக் காட்சி. ரயரில் காற்றுப் போயிருக்கலாம். ரயரே தேய்ந்து மாற்றவேண்டிய நிலையை எய்தியிருக்கலாம். அச்சைத் தாங்கும் பெயரிங் ஓசையெழுப்பத் தொடங்கியிருக்கலாம். பழகிய கைக்கு அது அரைமணி நேர வேலை. ஆயினும் அவ்வேலையின் ஒவ்வொரு படியிலும் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு படிந்துள்ளது. அண்மைக் காலத்தில் அச்சில்லின் நடுவே வந்தமர்ந்துள்ள பல் வெட்டிய மெல்லிய வளையமொன்று, அவ்வேலையின் பொருளையே மாற்றிவிட்டது.

அவ்வளையம் சில்லு இறுகாத் தடுப்பு முறையின் ஓர் உறுப்பு. மக்கள் வழக்கில் ஏ.பி.எஸ். என வழங்கும் அம்முறை, ஓட்டுநர் திடுக்குற்றுப் பிறேக்கை இறுகப் பிடித்த வேளையிலும் சில்லின் சுழற்சி நின்று வண்டி வழுக்கிவிடாது காக்கின்றது. இத்தத்துவம் மோட்டார் சைக்கிளொன்றில் சோதிக்கப்பட்டு நற்பயன் தந்தது 1958 ஆம் ஆண்டில். தெற்காசியாவின் நடுத்தர உழைப்பாளி வாங்கும் வண்டியில் அது பரவலாக இடம்பெறத் தொடங்கியதோ 2018 ஆம் ஆண்டின் பின்னர். இவ்வறுபதாண்டு இடைவெளி ஏன் நேர்ந்தது என்பதும், வந்துசேர்ந்த அக்கருவியின் பயன் இன்று எவருடைய கையில் தங்கியுள்ளது என்பதும் ஆராயத்தக்க வினாக்களாகும்.

முன்பிறேக் மீதான அச்சம்

ஜேர்மனியின் கான்ஸ்ரற் நகரில் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1885 இல் மரச்சட்டத்தின் மீது எண்ணெய் இயந்திரமொன்றைப் பொருத்தி ஓட்டிய வண்டியே மோட்டார் சைக்கிளின் மூதாதையாகக் கொள்ளப்படுகின்றது. 1894 இல் மியூனிக் நகரின் ஹில்டெபிராண்ட், வொல்வ்முல்லர் ஆகியோர் அத்தகைய வண்டிகளைத் தொகையாக உற்பத்திசெய்து விற்கத் தொடங்கினர். இலங்கையின் வீதியில் முதலாவது மோட்டார்க் கார் ஓடியது 1902 இல். இக்காலத்து வண்டிகளில் ஓடச்செய்யும் உறுப்புகளுக்குக் கொடுக்கப்பட்ட கவனம் நிறுத்தும் உறுப்புகளுக்குக் கொடுக்கப்படவில்லை. சைக்கிளிலிருந்து இரவல் வாங்கிய தடுப்புக் கட்டைகளே நெடுங்காலம் பயன்பட்டன. சில்லின் குடத்தினுள்ளே உருளையொன்றை வைத்து, அதன் உட்சுவரில் உராய்வுச் செருப்புகளை விரித்தழுத்தும் டிரம் பிறேக், முன்சில்லுக்கும் உரிய பொதுவான அமைப்பாகப் பரவியது 1920களிலேயாகும்.

முன்சில்லுக்குப் பிறேக் வந்த பின்னரும் ஓட்டுநர் பலர் அதனை நம்பவில்லை. இந்த அச்சத்துக்கு இயற்பியலில் நியாயமான அடிப்படை உண்டு. ஓடும் வண்டி அமர்முடுகும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. பின்சில்லு நிலத்தை அழுத்துவது குறைய, முன்சில்லு நிலத்தை அழுத்துவது கூடுகின்றது. உராய்வு அழுத்தத்தைப் பொறுத்தது. எனவே வண்டியை நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்சில்லிலேயே உள்ளது. ஆனால் அச்சில்லு சுழற்சி நின்று இறுகிவிடுமாயின், வண்டியைத் திசைதிருப்பும் ஆற்றலும் அதனைச் சாயாது நிறுத்தும் சமநிலையும் ஒருங்கே அற்றுப்போகின்றன. பின்சில்லு இறுகினால் தேர்ந்த ஓட்டுநர் தப்பலாம். முன்சில்லு இறுகினால் எண்ணுவதற்குள் வண்டி கவிழ்ந்துவிடும். எந்தச் சில்லு வண்டியை மிக நன்றாக நிறுத்துமோ அந்தச் சில்லே வண்டியை மிக விரைவாகக் கவிழ்க்கவும் வல்லது. மோட்டார் சைக்கிளின் தடுப்பு வரலாறு முழுவதும் இம்முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சி எனலாம்.

கொழும்பைப் போன்ற மழை நகரில் இம்முரண்பாடு மேலும் கூர்மையடைந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து மழையும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமழையும் வீதியின் எண்ணெய்ப் படிவோடு கலந்து வழுக்குநிலையைத் தோற்றுவிப்பன. 1899 முதல் 1960 வரை கிராண்ட்பாஸ் வரையிலும் பொரளை வரையிலும் ட்ராம் வண்டிகள் ஓடிய தெருக்களில், நனைந்த இரும்புத் தண்டவாளங்களும் இரு சில்லு வண்டிகளுக்குப் பகையாயிருந்தன. முன்பிறேக்கைத் தொடாதே என்னும் அறிவுரை தந்தையரிடமிருந்து மைந்தர்க்கு வாய்மொழியாக வந்த பாதுகாப்புச் சாத்திரமாயிற்று. அந்த அறிவுரையைப் பின்பற்றியோர் வழுக்கி விழாது தப்பினர். ஆனால் உரிய தூரத்துள் நிறுத்தவியலாது எதிர்ப்பட்டதன் மீது மோதினர். இரண்டு தீமைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் நிலையே அக்காலத்து ஓட்டுநனுக்கு வாய்த்தது.

அக்காலத்து முன்சில்லைக் கழற்றுவது எளிய செயலாயிருந்தது என்பதும் இங்கு நோக்கத்தக்கது. பிறேக் கம்பியின் முனையிலுள்ள சரிசெய் நட்டைத் தளர்த்தி, கதிமானியின் கம்பியை விடுவித்து, அச்சின் நட்டைக் கழற்றி அச்சை உருவினால் சில்லு கையோடு வந்துவிடும். இரண்டு மூன்று ஸ்பனர்கள் போதும். ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரிந்தது. எது எதனை இயக்குகின்றது என்பதை ஒரு சிறுவன் அருகிலிருந்து பார்த்தே அறிந்துகொள்ளலாம். இவ்வாறு பார்த்தறிந்த சிறுவர்களே பின்னர் திருத்தகங்களின் தலைமைத் தொழிலாளராயினர்.

வானூர்தியிலிருந்து வீதிக்கு

சில்லு இறுகுவதைத் தானாகவே தடுக்கும் எண்ணம் முதலில் வலுப்பெற்றது வானூர்தித் துறையில். தரையிறங்கும் வானூர்தியின் சில்லு இறுகினால் ரயர் ஓரிடத்திலேயே தேய்ந்து வெடிக்கும். பிரான்சு நாட்டின் கப்றியேல் வொய்சின் 1920களில் சுழல்சில்லும் அடைப்பிதழும் கொண்ட ஓர் அமைப்பால் இதனைத் தீர்க்க முயன்றார். இங்கிலாந்தின் டன்லொப் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் மக்சறெற் என்னும் பெயரில் வானூர்திகளுக்குரிய கருவியொன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சில்லு திடீரென வேகம் குறையும் கணத்தை உணர்ந்து பிறேக்கின் அமுக்கத்தைத் தளர்த்துவதும், சில்லு மீளச் சுழலத் தொடங்கியதும் அமுக்கத்தைத் திரும்பச் செலுத்துவதும் அதன் தொழில். இலத்திரனியல் அதில் இல்லை. அது முற்றிலும் பொறிமுறைக் கருவியாகும்.

இக்கருவியை இங்கிலாந்தின் வீதி ஆய்வுகூடம் 1958 இல் றோயல் என்பீல்ட் நிறுவனத்தின் சுப்பர் மீற்றியர் என்னும் மோட்டார் சைக்கிளிற் பொருத்திச் சோதித்தது. சில்லை இறுகவிட்டு நிறுத்துவதோடு ஒப்பிடுகையில் பெரும்பாலான சோதனைகளில் நிறுத்தத் தூரம் குறைந்தது. வழுக்கும் தரைகளில் இக்குறைவு 30 வீதம் வரையும் எட்டியது. மோட்டார் சைக்கிள் விபத்துகளில் வழுக்கலின் பங்கு பெரிதாகையால் இத்தகைய தடுப்பு அவ்வண்டிகளுக்குப் பெரும் பயன் தரக்கூடியது என்பதும் அச்சோதனைகளாற் புலனாயிற்று. ஆயின் நிறுவனத்தின் அன்றைய தொழில்நுட்ப இயக்குநர் ரொனி வில்சன் ஜோன்ஸ் இதற்குப் பெரிய எதிர்காலம் இல்லையெனக் கருதினார். கருவி உற்பத்திக்குச் செல்லவில்லை.

வண்டியின் விலையோடு ஒப்பிடுகையில் பாரமும் செலவும் மிக்க வானூர்திக் கருவியொன்றை வணிக நிறுவனமொன்று ஏற்கத் தயங்கியது வியப்பன்று. ஆனால் அதன் பின்னர் இத்தொழில்நுட்பம் சென்ற வழியை நோக்கினால் வரலாற்றின் ஒரு போக்குத் தெளிவாகின்றது. 1966 இல் மக்சறெற் கருவி ஜென்சன் எப்.எப். என்னும் விலையுயர்ந்த காரில் இடம்பெற்றது. அக்கார்கள் முந்நூற்றுச் சொச்சமே செய்யப்பட்டன. 1978 இல் பொஷ் நிறுவனத்தின் இலத்திரனியல் முறை மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் உயர்தரக் காரிற் பொருத்தப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கு அது வந்தது 1988 இல், பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் கே100 வகை மூலம். அவ்வமைப்பின் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம்; அதன் விலையும் அதற்கேற்ப உயர்ந்தே இருந்தது. பாதுகாப்பு முதலில் செல்வரின் காருக்கும், பின்னர் செல்வரின் மோட்டார் சைக்கிளுக்கும் சென்றது. சேறும் மழையும் நிறைந்த வீதியில் மனைவி மக்களோடு ஒரே வண்டியில் செல்லும் ஆசிய உழைப்பாளி, அதன் தேவை மிகுதியாயிருந்தும், வரிசையின் இறுதியிலேயே நிறுத்தப்பட்டான்.

இதற்கிடையே முன்சில்லிலும் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 1969 இல் வெளிவந்த ஹொண்டா சி.பி. 750, திரவ அமுக்கத்தால் இயங்கும் தட்டுப் பிறேக்கை முன்சில்லில் கொண்டிருந்தது. டிஸ்க் பிறேக் எனப் பொதுவாக வழங்கும் இவ்வமைப்பு நாளடைவில் சிறிய வண்டிகளுக்கும் பரவிற்று. இதனால் நிறுத்தும் ஆற்றல் பெருகியது. அதனோடு சில்லு இறுகும் இடரும் பெருகியது. விரலிரண்டால் இழுத்தாலே முன்சில்லை இறுகச் செய்யவல்ல ஆற்றல் சாதாரண ஓட்டுநனுக்குக் கிடைத்தது. அதனைக் கட்டுப்படுத்தும் கருவியோ அவனுக்குக் கிட்டவில்லை.

சென்னையும் தாமதத்தின் முடிவும்

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கு உள்ள பங்கு தனித்து நோக்கத்தக்கது. றோயல் என்பீல்டின் புல்லட் வண்டிகளை இந்திய இராணுவத்தின் தேவைக்காக உருவாக்கும் பொருட்டு 1955 இல் சென்னையில் என்பீல்ட் இந்தியா நிறுவனம் தோன்றியது. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. இங்கிலாந்தின் றெடிச் நகரிலிருந்த மூலத் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூரில் உற்பத்தி தொடர்ந்தது. தாய் மறைந்த பின்னர் மகவே குலப்பெயரைக் காத்ததற்கு ஒப்பானது இது.

பிறேக் உறுப்புகளின் உற்பத்தியிலும் சென்னை முன்னின்றது. 1911 இல் மதுரையில் ரி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய போக்குவரத்துத் தொழிலிலிருந்து கிளைத்த குழுமம், 1962 இல் ஆங்கில நிறுவனங்களின் கூட்டுறவோடு சென்னையின் பாடிப் பகுதியில் பிறேக் உறுப்புகளைச் செய்யும் பிறேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேற்றன் ஆகிய நிறுவனங்களை நிறுவியது. அக்குழுமத்தைச் சேர்ந்த ரி.வி.எஸ். மோட்டார் நிறுவனமே 2011 இல் அப்பாச்சி ஆர்.ரி.ஆர். 180 என்னும் வண்டியில் சில்லு இறுகாத் தடுப்பை வழங்கி, இந்திய நிறுவனங்களுள் இவ்வகையில் முன்னோடியாயிற்று. ஆயினும் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் தெரிவாகவே அது அன்று இருந்தது.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. முதலாவது, கருவியின் எடையும் பருமனும் சுருங்கியமை. 1988 இல் ஏறத்தாழ 11 கிலோகிராமாயிருந்த சுமை, மோட்டார் சைக்கிள்களுக்கென்றே பொஷ் நிறுவனம் 2010 அளவில் உருவாக்கிய அமைப்பில் 0.7 கிலோகிராமாகக் குறைந்தது. இரண்டாவதும் முதன்மையானதும் சட்டமாகும். ஐரோப்பிய ஒன்றியம் 125 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு இத்தடுப்பை 2016, 2017 ஆம் ஆண்டுகளில் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 125 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட புதிய வகைகளுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், விற்கப்படும் அத்தகைய வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் 1 முதலும் அது கட்டாயமாயிற்று. அதற்குட்பட்ட சிறிய வண்டிகளுக்கு, ஒரு பிறேக்கை இயக்கினால் இரு சில்லுகளிலும் தடுப்பு நிகழும் இணைத்தடுப்பு முறை போதுமென விதிக்கப்பட்டது. சென்னையின் றோயல் என்பீல்ட் தன் கிளாசிக் வகை வண்டியொன்றில் இத்தடுப்பைப் பொருத்தி வெளியிட்டது 2018 ஆகஸ்டில். 1958 இல் அதே பெயர் தாங்கிய வண்டியொன்றில் நிரூபிக்கப்பட்ட உண்மை, அப்பெயர் தாங்கிய சாதாரண விற்பனை வண்டிக்கு வர அறுபது ஆண்டுகள் சென்றன.

இவ்விடைவெளி முழுவதற்கும் தொழில்நுட்பத்தின் குறைபாட்டைக் காரணங்காட்டல் பொருந்தாது. இலத்திரனியல் உறுப்புகள் மலிந்தமை ஒரு காரணமே. ஆனால் மலிவு தானாக நேர்வதன்று. பெருந்தொகை உற்பத்தியே அதனைத் தோற்றுவிக்கும். பெருந்தொகை உற்பத்தியைச் சட்டம் விரைவுபடுத்தும். சட்டம் பிந்தியமையால் மலிவு பிந்தியது. மலிவு பிந்தியமையால் உயிர்கள் பல வீணே போயின. எளியோர் பயன்படுத்தும் கருவியின் பாதுகாப்பு அக்கருவியின் விலைக்குள் அடங்கவேண்டும் என்னும் நியதி, அவர்தம் உயிருக்கும் விலை குறிப்பதாக முடிந்தது.

கொழும்பின் திருத்தகங்கள்

இந்தியாவில் உற்பத்தியாகும் பஜாஜ், ரி.வி.எஸ். முதலிய வண்டிகள் இலங்கையில் மிகுதியாக ஓடுகின்றன. எனவே இந்தியச் சட்டத்தின் விளைவு கொழும்பின் வீதியிலும் தோன்றிற்று. ஆனால் அவ்வண்டிகள் வந்துசேர்ந்த திருத்தகங்களின் வரலாறு வேறுவகைப்பட்டது. இலங்கையிற் பதிவான மோட்டார் வாகனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. 1960களின் தொடக்கம் முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பழைய வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓடச்செய்யும் கலையை வளர்த்தன. உதிரிப்பாகம் கிடைக்காதவிடத்துத் தொழிலாளி அதனைக் கடைந்தெடுத்தான். ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றுக்கு ஒப்பனைசெய்து பொருத்தினான். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் யப்பானிய வண்டிகளும், பின்னர் இந்திய வண்டிகளும் பெருகின. மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தையாகப் பெயர்பெற்றது. கழற்றி விற்கப்படும் பழைய உறுப்பு, புதிய உறுப்பு ஆகிய இரண்டும் அங்குக் கிடைத்தன.

இக்கலை ஏட்டிற் பதியாது கையில் வாழ்ந்த கலை. அதன் வலிமையும் நலிவும் இதுவே. 1983 யூலையில் கொழும்பின் தமிழர் வீடுகளும் வணிக நிலையங்களும் எரிக்கப்பட்டபோது வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் பெருந்துயருக்குள்ளாயின. கருவிகளும் கட்டடங்களும் மீளப் பெறத்தக்கவை. ஆனால் நாட்டைவிட்டு நீங்கிய தொழிலாளியோடு அவன் கைப்பழக்கமும் நீங்கிவிடுகின்றது, அது எழுதப்பட்டிருக்கவில்லை. எஞ்சியோர் தாம் அறிந்ததை அடுத்த தலைமுறையினர்க்குக் காட்டிக்கொடுத்தனர். பல இடங்களில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே திருத்தகத்தில் ஒருவர் தொழிலை மற்றவர் கற்றனர்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டதும், 2022 இல் நாடு பெரும் பொருளாதார நெருக்கடிக்குள்ளானதும் பழைய நிலையை ஒருவகையில் மீளக் கொணர்ந்தன. 2025 பெப்ரவரியில் கட்டுப்பாடுகள் தளர்த்தப்படும் வரை, கையிலிருந்த வண்டியைக் காத்து ஓட்டுவதே பலருக்கும் வழியாயிற்று. ஆனால் இம்முறை காக்கவேண்டியிருந்த வண்டி 1970களின் வண்டியன்று. அதன் முன்சில்லின் நடுவே பல் வளையமும், கவையின் அடியில் உணரியும், அதிலிருந்து மேலேறும் மெல்லிய மின்கம்பியும் இருந்தன.

கழற்றலும் பூட்டலும்

இத்தடுப்பின் செயற்பாட்டைச் சுருங்கக் கூறின்: சில்லோடு சுழலும் வளையத்தின் பற்கள் உணரியின் முன்னே கடக்குந்தோறும் ஒரு மின்துடிப்பு எழுகின்றது. அத்துடிப்புகளின் எண்ணிக்கையிலிருந்து சில்லின் வேகத்தைக் கட்டுப்பாட்டகம் கணிக்கின்றது. வேகம் இயல்புக்கு மாறாகத் திடீரென வீழுமாயின் சில்லு இறுகப்போகின்றதெனக் கொண்டு, பிறேக்கின் திரவ அமுக்கத்தை ஒரு செக்கனுக்குள் பலமுறை தளர்த்தியும் செலுத்தியும் சில்லைச் சுழலவிடுகின்றது. விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் இவ்வமைப்பு முன்சில்லுக்கு மட்டுமே உண்டு. ஆகவே முன்சில்லைக் கழற்றுவோன், வண்டியின் உயிர்காக்கும் உறுப்பு முழுவதையும் தன் கைக்குட்படுத்துகின்றான் எனல் மிகையாகாது.

இவ்வகைச் சில்லைக் கழற்றும் ஒழுங்கு தேர்ந்த தொழிலாளர்க்குத் தெரிந்ததே. வண்டி சமதரையில் நிறுத்தப்பட்டு, முன்புறம் உயர்த்தப்படுமுன்னரே அச்சின் நட்டும் அதனை இறுக்கும் பக்கத் திருகும் சற்றுத் தளர்த்தப்படும். பின்னர் இயந்திரத்தின் அடியில் உறுதியான தாங்கி வைக்கப்பட்டுச் சில்லு நிலத்தினின்று உயரும். உணரியைப் பிடித்திருக்கும் சிறு திருகு கழற்றப்பட்டு, உணரி கம்பியோடு மெல்ல விலக்கி ஓரமாகக் கட்டப்படும். கம்பியைப் பிடித்து இழுத்தல் ஆகாது. உள்ளே நூலிழையளவான செப்புக்கம்பி அறுந்தாலும் வெளித்தோல் நன்றாகவே தோன்றும். தட்டைக் கவ்வும் கலிப்பர் கழற்றப்படுமாயின் அது தன் குழாயில் தொங்கவிடப்படாது கயிற்றினாற் கட்டப்படும். அதன் இரு உராய்வுப் பட்டைகளுக்கிடையே மரத்துண்டொன்று செருகப்படும். சில்லில்லாத வேளையில் எவரேனும் பிறேக்கை அழுத்தினால் பட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி, மீளப் பொருத்த இயலாது போகும். அச்சை உருவியதும் இருபுறமும் உள்ள இடைவளையங்கள் எப்பக்கத்துக்குரியவை என்பது குறித்துக்கொள்ளப்படும். கழற்றிய சில்லு தட்டும் பல்வளையமும் நிலத்திற் படும்படி கிடத்தப்படலாகாது.

சிறிய பிழை பெருந்தீங்காக மாறும் இடம் இதுவே. ரயரை நெம்பும் இரும்பு வளையத்தைத் தாக்கி ஒரு பல்லை வளைத்துவிடலாம். இடைவளையங்கள் இடம்மாறினால் வளையத்துக்கும் உணரிக்கும் இடையிலான மயிரிழை இடைவெளி மாறிவிடலாம். உணரியிலுள்ள காந்தம் பிறேக் பட்டையின் இரும்புத்தூளைக் கவர்ந்து துடிப்பைக் குழப்பலாம். வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பீரம் வளையத்திற் கறையேற்றும். மீளப் பூட்டும்போது கம்பி தன் பழைய கவ்விகளுக்குள் செல்லாது தளர்ந்து தொங்கினால் சுழலும் சில்லில் உரசி அறுந்துபோகும். நிறுவனம் விதித்த அளவினின்று வேறுபட்ட ரயரைப் பூட்டினால், இரு சில்லுகளின் வேகத்தையும் ஒப்பிட்டுக் கணிக்கும் அமைப்புகளில் கணிப்பும் பிழைபடும்.

இவற்றுள் எதுவும் வண்டியை ஓடவிடாது தடுக்காது என்பதே நுட்பமான இடராகும். பழைய பிறேக்கில் கம்பி அறுந்தால் ஓட்டுநன் உடனே அறிவான். இத்தடுப்புச் செயலிழந்தாலோ சாதாரண பிறேக் வழமைபோலவே இயங்கும். முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் அணையாதிருக்கும். வண்டியை இயக்கியதும் ஒளிர்ந்து, சிறிது தூரம் ஓடியபின் அணையவேண்டிய விளக்கு அது. அது தொடர்ந்து ஒளிர்வதன் பொருள் யாதெனில், மழைநாளில் திடுக்குற்றுப் பிறேக்கைப் பிடிக்கும் கணத்தில் அவ்வோட்டுநன் 1958 க்கு முற்பட்ட மனிதன் என்பதே. தன் வண்டியில் அக்கருவி உண்டென நம்பி முன்பிறேக்கை அச்சமின்றி அழுத்துவானாகையால், அதனை நம்பாது ஓட்டிய தந்தையிலும் பெரிய இடருக்கு அவன் ஆளாகின்றான்.

ஆகவே பூட்டியபின் செய்யவேண்டுவன கழற்றலினும் முதன்மையானவை. அச்சு, விதித்த முறுக்குவிசைக்கு இறுக்கப்படல் வேண்டும். பக்கத் திருகை இறுக்குமுன் முன்கவையைப் பலமுறை அழுத்தி விடுவித்து அச்சு தன் இயல்பான இடத்தில் அமரச்செய்தல் வேண்டும். பிறேக் நெம்பு கைக்கு உறுதியாகும் வரை பன்முறை அழுத்தப்படல் வேண்டும். சில்லு தடையின்றிச் சுழல்கின்றதா எனப் பார்த்து, குறுந்தூரம் மெல்ல ஓட்டி, விளக்கு அணைந்ததைக் கண்டபின்னரே வண்டி உரியவரிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. பாதுகாப்புக்கான அறிவு தோன்றுவதாலேயே அது மக்களைச் சென்றடைந்துவிடுவதில்லை. விலையும் சட்டமும் சமூக மதிப்பும் அதன் வழியில் நிற்கின்றன. 1958 க்கும் 2018 க்கும் இடையிலான அறுபது ஆண்டுகள் இதற்குச் சான்று. இரண்டாவதாக, தொழிற்சாலையில் அறிவு நிறைவெய்துவதில்லை. வானூர்தியிற் பிறந்து, இங்கிலாந்திற் சோதிக்கப்பட்டு, ஜேர்மனியில் சுருங்கி, சென்னையிற் சட்டத்தால் மலிந்து வந்த கருவி, கொட்டாஞ்சேனைத் திருத்தகமொன்றில் ஒரு மாலைப்பொழுதில் காப்பாற்றப்படுகின்றது அல்லது அழிக்கப்படுகின்றது. அச்சங்கிலியின் இறுதிக் கண்ணி, எண்ணெய் படிந்த ஒரு கையாகும்.

அக்கைக்கு வேண்டிய அறிவு இன்றும் பெரும்பாலும் ஆங்கிலக் கையேடுகளிலேயே அடங்கியுள்ளது. டிரம் பிறேக்கைச் சிறுவன் பார்த்தே கற்றான். மூடிய பெட்டிக்குள் நிகழும் மின்துடிப்பைப் பார்த்துக் கற்க இயலாது. அது எழுத்தால் விளக்கப்படவேண்டியது. அமுக்கம், உராய்வு, அமர்முடுகல் முதலிய சொற்களை இலங்கையின் தமிழ்ப் பாடநூல்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே வழக்கிற் கொணர்ந்தன. அச்சொற்கள் பரீட்சைத் தாளோடு நின்றுவிடாது திருத்தகத்தின் சுவருக்கும் செல்லுமாயின், சில்லைக் கழற்றும் படிமுறையும் மஞ்சள் விளக்கின் பொருளும் ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிடப்படுமாயின், கையில் மட்டும் வாழ்ந்த கலை ஏட்டிலும் வாழும். கலைஞன் பெயர்ந்தாலும் கலை பெயராது. அறுபதாண்டு பிந்தி வந்த பாதுகாப்பு, ஒரு பல் வளைந்தமையால் மீண்டும் மறுக்கப்படும் நிலையைத் தடுக்க அத்தகைய ஒரு தாளேனும் முதற்படியாகும்.